ஒரே அடைப்புக்குள்ள ரெண்டு பேரு

காலையில போன்ல ஒரு மரண அறிவித்தல் வந்துச்சு. காமாட்சியக்கா போயிட்டாங்க. ரெண்டு குத்துவிளக்கு, ஒரு போட்டோ, புள்ளைங்க பேரு. மூக்குகிட்ட வச்சுப் பார்த்தேன், ஒரு வாசமும் இல்ல. எங்க காலத்து நோட்டீசுல மையும் மாவுப்பசையும் மணக்கும்.

அந்த மை வாசத்துலதான் நான் தேயிலை மலையில, தலவாக்கலையில ஒரு அச்சுக்கடையில இருந்தேன். கூட்டுறதுக்கும் தேத்தண்ணி ஊத்துறதுக்கும் போன ஆளு. கம்ப்யூட்டர் பொட்டி பின்னால சூடா காத்து விடும். குளிருக்கு அங்க நின்னு நின்னே டைப் அடிக்கப் படிச்சுட்டேன். மூணாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும்.

அந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாத்தயும் கட்டளையா எழுதணும். கடைக்கார சார் யாழ்ப்பாணத்து வாத்தியாரு. மரண அறிவித்தலுக்கு ஒரு மேக்ரோ, எல்லாக் கட்டளையும் சேர்ந்த ஒத்தக் கட்டளை, செஞ்சு வச்சிருந்தாரு. ஒரு சாய்வுக்கோடு, 'மரணம்'னு ஒரு சொல்லு, பின்னால அஞ்சு அடைப்புக்குறி: செத்தவரு பேரு, தோட்டம், மனைவி, புள்ளைங்க, நேரம். நெரப்பிவிட்டா கறுப்புக்கரை போட்டு முழு நோட்டீசும் வந்துரும்.

"அடைப்புக்குள்ளை மட்டும் எழுதும் பிள்ளை, வெளியிலை கை வையாதையும்"னு சொல்லிட்டு சார் ஊருக்குப் போயிட்டாரு. அன்னைக்குன்னு பார்த்து தோட்டத்துல மருதமுத்து செத்தாரு. மேல மேப்பிரட்டு லயத்து வரிசை வீட்டுல ஒரு பொஞ்சாதி காமாட்சி, கீழ்லயத்துல ஒரு பொஞ்சாதி செல்லம்மா. ரெண்டு பேரும் கடைக்கு வந்துட்டாங்க.

"நோட்டீசுல பேரு இல்லாட்டி என்னைய பொணத்துகிட்டயே விடமாட்டாங்க அக்கா"ன்னா செல்லம்மா என்கிட்ட.

காமாட்சியக்கா அவளப் பார்க்காமலே சொன்னாங்க: "போடு. ஆனா என் பேரு தடிப்பா இருக்கணும்."

நான் செல்லம்மாவுக்குப் புதுசா ஒரு அடைப்பு போட்டேன். அவ புள்ளைங்க எடத்துக்குப் போயிட்டா. புள்ளைங்க நேரத்துக்குப் போயிட்டாங்க. 'இறுதிக் கிரியை செல்வராஜ், மல்லிகா மணிக்கு'ன்னு வந்துச்சு. மூணு மணி கரைக்கு வெளிய தனியா நின்னுச்சு.

அப்பறந்தான் யோசிச்சேன். லயத்துல ஒத்த அறைக் காம்பராவுல எட்டுப் பேரு இருந்தாலும் தோட்டத்துத் தொரைக்கு அது ஒரு வீடுதானே. மனைவி அடைப்புக்குள்ளயே ரெண்டு பேரையும் வச்சேன். மேக்ரோ வாயத் தொறக்கல.

தடிப்பு எழுத்துக்கு ஒரு கட்டளை இருக்கு. காமாட்சியக்கா பேருக்கு முன்னால அதப் போட்டேன். அவங்க பேரோட நிறுத்துறதுக்குத் தெரியாமப் போச்சு. அப்பிடித்தான் சார்கிட்டயும் சொன்னேன்.

காமாட்சியக்கா தாள வாங்கிப் பார்த்தாங்க. "இவளும் தடிப்பாத்தானே இருக்கா?"

"உங்க பேர்லருந்துதான் அக்கா ஆரம்பிக்குது."

"மேல அவரு பேரு?"

"அது மெலிசு."

தாள மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. "அது அப்பிடியே இருக்கட்டும்."

மறுநா ரெண்டு பேரும் பொணத்துத் தலைமாட்டுல ஒன்னா ஒக்காந்திருந்தாங்க. காமாட்சியக்கா சாகுறதுக்கு முந்தி ரெண்டு வருசம் அவங்களுக்குக் கஞ்சி ஊட்டி விட்டவ செல்லம்மாதான்.

இப்ப சாரும் இல்ல, கடையும் இல்ல. அந்த எடத்துல போன் கவர் விக்கிறாங்க. இன்னைக்கு மத்தியானம் செல்லம்மா போன்ல கோல் எடுத்தா.

"போன்ல வந்த அறிவித்தல்ல என் பேரு இல்லக்கா."

அது வெறும் படம். அதுல எந்த அடைப்ப நான் தொறக்குறது?

"தடிப்பா வேணாம்க்கா"ன்னா. "மெலிசாப் போட்டாலும் போதும்."