கதர் ஜிப்பாக்காரர் எழுதிய நற்சான்று

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அங்கே கடை வைத்திருந்த தமிழ் வியாபாரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது. பி.ஏ. படித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே தலை நரைத்தவர்கள் எங்கள் மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அதனால் நான் கடல் தாண்டிய பாவத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

லீவில் ஊருக்கு வந்தால், திரும்பிப் போவதற்கு விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சு கான்சல் ஒரே ஒரு காகிதம் கேட்பார். இந்த ஆசாமி ஒழுங்கானவர், அரசியலில் தலையிடாதவர் என்று நம் ஊர் சர்க்கார் கொடுக்கும் சான்று. பிரெஞ்சுக்காரருக்கும் இங்கிலீஷ்காரருக்கும் ஆயிரம் மனஸ்தாபம் இருக்கலாம். இந்த விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனி மாதக் கடைசியில் கப்பல். அதற்குள் சான்று வராவிட்டால் என் நாற்காலியில் உட்கார ஒரு பாண்டிச்சேரிக்காரர் தயாராக இருந்தார். பிரெஞ்சுப் பிரஜை, அவருக்கு விசாவே வேண்டாம்.

மனுவோடு போட்டோ ஒட்ட வேண்டும் என்றார்கள். இருந்த ஒரே கோட்டை இஸ்திரிக்குப் போட்டேன். சலவைக்காரர் அதன் முதுகில் ஒரு கை அகலத்துக்குத் தீய்த்துக் கொண்டுவந்தார். முதுகு போட்டோவில் விழாது என்பதால் அப்படியே மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு கோட்டைக் கழித்துக் கட்டிவிட்டேன். மனுவைக் கொடுத்து, எப்போது விசாரணைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன்.

அதே மாதம் என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பிள்ளை வீட்டார் திருச்சிப் பக்கம், குடும்பத்தோடு கதர் உடுத்துகிறவர்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் யாரையாவது அனுப்பி நம்மைப் பற்றி விசாரிப்பார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். இப்படி விசாரிக்க வருகிறவர் தான் யார் என்று சொல்ல மாட்டார். நாமும் கேட்கக் கூடாது. ஏதோ இந்தப் பக்கம் வந்தவர் மாதிரி அவர் பேசுவார், ஏதோ தெரியாதவர்கள் மாதிரி நாம் பஜ்ஜி போடுவோம். இரண்டு தரப்புக்கும் எல்லாம் தெரியும். இதுதான் மரியாதை.

அப்பா உடனே காரியத்தில் இறங்கினார். என் தங்கை இரண்டு வருஷமாக ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் ஒரு வீட்டில் பெண்கள் கூடி நூற்பார்கள். தேனாம்பேட்டை வழியாக நடந்தே போய்விட்டு வருவாள். அப்பாவுக்கு அது வெட்டி வேலை. ராட்டையைக் கண்டாலே கரித்துக் கொட்டுவார். அவளும் அதை அடுக்களைப் பரணில் ஒளித்துத்தான் வைத்திருந்தாள். இப்போது அதே ராட்டை பரணிலிருந்து இறங்கி, துடைக்கப்பட்டு, கூடத்தில் நடுநாயகமாக வந்து உட்கார்ந்தது. கடையிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் கதர் வேஷ்டி வந்தது. எனக்கு அது தொடையெல்லாம் அரித்தது.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் ஒருவர் வந்தார். கதர் ஜிப்பா, கக்கத்தில் குடை, தோளில் பை.

"இந்தப் பக்கமா வந்தேன். இந்த ஆத்துப் பிள்ளை சைகோன்லேருந்து வந்திருக்கார்னு சொன்னா. எப்படிப்பட்டவர், என்ன ஏதுன்னு தெரிஞ்சுண்டு போகலாம்னு..." என்றார்.

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பெண்ணைக் கொள்வதற்கு முன்னால் பெண்ணின் அண்ணனை எடைபோடுவது சகஜம்தானே. ஊஞ்சலில் உட்காரவைத்தார். உள்ளே சொஜ்ஜிக்கு ரவை வறுபடும் வாசனை வந்தது.

"இவனா? தேசம், தேசம்னு உசிரை விடறான் ஸ்வாமி. அந்த ராட்டையைப் பாருங்கோ. கார்த்தால எழுந்தா இவனுக்கு நூல் நூத்தப்புறம்தான் காபி" என்றார் அப்பா.

அந்த நேரத்தில்தான் என் தங்கை தட்டோடு வந்தாள். அவள் உடுத்தியிருந்த புடவை அவளே நூற்ற நூலில் நெய்தது. அப்பா சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அந்நிய தேசத்துல கோட்டெல்லாம் போட்டுண்டுதானே பாடம் சொல்லணும்?" என்று கேட்டார் வந்தவர், பஜ்ஜியைப் பிட்டபடி.

"கோட்டா! இருந்த ஒரே கோட்டையும் எரிச்சுட்டான்!" என்றார் அப்பா.

இங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாக்கில் சனி.

"கடற்கரையில அந்நியத் துணி எரிச்சா பாருங்கோ, அன்னிக்கு. முதல்ல போட்டது என்னோடதுதான்" என்றேன். சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த நெருப்பு கண் முன்னால் தெரிந்தது.

அவர் இரண்டாவது தடவை சொஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டார். காபியை ஆற்றிக் குடித்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தோள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மேலே ராஜமுத்திரை. கீழே என் போட்டோ, தீய்ந்த கோட்டோடு.

"விசா விசாரணை ஸ்வாமி. நேர்ல பார்த்ததுக்கு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

கதர்க் கூட்டங்களில் கலந்து உட்கார வசதியாக ரகசியப் போலீஸ்காரர்களும் கதர் உடுத்த ஆரம்பித்திருந்த காலம் அது. எனக்கு அது தெரியும், பேப்பரில் படித்துச் சிரித்திருக்கிறேன். கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. அப்பா, "ராட்டை வந்து... சும்மா பொழுதுபோக்கு... கதர்கூட வெயிலுக்கு நல்லதுன்னு..." என்று என்னவோ உளறினார். வந்தவர் பஜ்ஜி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டிச்சேரிக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டுவது மாதிரியே இருந்தது. அப்பா நான்தான் கடற்கரையை இழுத்தேன் என்றார். நான் அவர்தான் கோட்டை இழுத்தார் என்றேன். தங்கை ராட்டையை எடுத்து மறுபடி பரணில் வைத்தாள்.

நடுவில் சலவைக்காரர் துணி கொண்டுவந்தார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"இன்னா சாமி, ஒரு கோட்டுக்காக நம்ம மேலயே போலீஸை வுட்டுட்டியே! கதர் போட்டுக்கினு ஒரு ஆளு வந்தாரு. கோட்டு இன்னா ஆச்சுன்னு கேட்டாரு. நான் இன்னாத்த சொல்றது? பொட்டி சூடாக்கீது, நான்தான் தீச்சிட்டேன்னு காலைப் புடிச்சிட்டேன்."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சண்டை போடத்தான் வந்தார் பாவம், அவருக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பினேன்.

கப்பலுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஆபீசில் கூப்பிட்டார்கள். குமாஸ்தா சான்றைத் தேடி உள்ளே போனபோது, மேஜைமேல் என் கட்டு திறந்து கிடந்தது. தலைகீழாகவே படித்தேன். இவர் தேசபக்தர் என்பது வீட்டார் கல்யாணத்துக்காகச் சொல்லிக்கொள்வது. கோட்டை எரித்தது சலவைக்காரர். ஆசாமி கோழை. யார் எதிரில் இருக்கிறார்களோ அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்வார். சர்க்காருக்கு இவரால் எந்தக் காலத்திலும் தொந்தரவு இராது. வீட்டில் ஒரு பெண் உண்டு, விசாரிக்கத் தேவையில்லை.

சான்று கிடைத்தது. கான்சல் முத்திரை குத்தினார். வீட்டில் நான் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது உண்மை. ஆனால் வேலை நிலைத்த சந்தோஷத்தில் அதை வெளியே காட்டவில்லை.

"என்னைப் பத்தி ஒரு வரிகூடவா எழுதலை அண்ணா?" என்று கேட்டாள் தங்கை, என் பெட்டியை அடுக்கிக்கொண்டே.

"எழுதியிருந்தான். விசாரிக்கத் தேவையில்லையாம்."

"அதுவும் நல்லதுதான்" என்றாள். தன் நூலில் நெய்த துண்டு ஒன்றை மடித்துப் பெட்டியில் மேலாக வைத்தாள். "நீ நூத்ததுன்னே சொல்லிக்கோ."

நான் சைகோன் போய் ஐந்தாம் மாதம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. சைனா பஜாரில் அந்நியத் துணிக்கடை வாசலில் மறியல் செய்து என் தங்கை கைதாகி விட்டாள், ஆறு மாதம், வேலூரில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு விசாரிக்க வந்தவர் அதே கதர் ஜிப்பாக்காரர். அப்பா அவரிடம், 'எங்களாலே தொந்தரவே வராதுன்னு நீங்கதானே எழுதினேள்' என்று கெஞ்சிப் பார்த்தாராம். இந்தத் தடவை அவர் பஜ்ஜி சாப்பிடவில்லையாம். அதுவரை பேச்சு நடத்திக்கொண்டிருந்த பிள்ளை வீட்டாரும் விலகிக்கொண்டார்கள். அவர்கள் கதர் உடுத்துகிறவர்களே தவிர ஜெயிலுக்குப் போகிறவர்கள் இல்லை.

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அழுதேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்குக் கூடத்தில் ஒரு வார்த்தை, 'நூற்றது அவள்' என்று சொல்லியிருக்கலாமே என்று வெட்கமாகவும் இருந்தது. இனிமேல் யார் கேட்டாலும் அவளைப் பற்றி மறைக்கப் போவதில்லை என்று எனக்குள்ளேயே சத்தியம் செய்துகொண்டேன்.

அடுத்த தடவை விசாவை அங்கேயே புதுப்பித்தார்கள். காகிதத்தில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் யாராவது அரசியல் குற்றத்துக்காகச் சிறை சென்றதுண்டா? நல்ல புழுக்கம். தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் நூற்றுக் கொடுத்த துண்டுதான்.

'இல்லை' என்று எழுதினேன். முத்திரை அன்றைக்கே கிடைத்துவிட்டது. கதர் ஜிப்பாக்காரர் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தார்.