யூதாஸ் மாப்பிள்ளை

எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை பாஸ்கு நாடகத்தில் யூதாஸாக நடித்த வருஷம், எங்கள் வீட்டில் ஒரு தத்துவஞானியும் தங்கியிருந்தார். இரண்டில் ஒன்று வந்திருந்தாலே அம்மா சமாளித்திருக்க மாட்டார். இரண்டும் ஒரே கிழமையில் வந்தன.

தத்துவஞானி வேறு யாருமல்ல, என் சின்னமாமா. அம்மாவின் கடைசித் தம்பி. தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெய்யியல் படிப்பித்தார். அழகும் அறமும் ஒன்றா வேறா என்று இங்கிலீசில் கட்டுரைகள் எழுதி, அவற்றை வெளிநாட்டுக்காரர் மறுத்து எழுத, அந்த மறுப்புக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இதில் பெருமைதான். ஆனால் ஊரில் யாராவது தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டால், "கம்பஸில படிப்பிக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மாமாவின் கொள்கையை நான் கேட்காமலே எனக்கு விளங்கப்படுத்தினார். ஒரு பொருளை அழகென்று சொல்வது கோட்டில் நீதவானுக்கு முன்னால் சத்தியம் பண்ணுவது மாதிரி. அழகில்லாததை அழகென்று சொன்னால் அது ரசனைக் குறைவு அல்ல, பொய்ச்சாட்சி. அதைச் சொன்னவன் களவெடுத்தவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன். கொள்கையை அவர் கடதாசியில் மட்டும் வைத்திருக்கவில்லை. வந்த அன்றே கோயிலுக்குப் போய், மாதா சுரூபத்துக்குப் பூசியிருந்த புது நீலத்தைப் பார்த்துவிட்டு, "இது வள்ளத்துக்குப் பூசின மிச்சமல்லோ சுவாமி?" என்று சுவாமியாரிடம் கேட்டார். அது உண்மையிலேயே வள்ளத்துக்குப் பூசிய மிச்சம்தான். ஆனால் அதை ஊரில் ஒருவரும் சொல்லாமல் இருந்தோம். அந்தக் கிழமை முழுதும் சுவாமியார் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் எங்கள் ஊரில் விளையாட்டுக் காரியம் இல்லை. யாருக்கு எந்த வேஷம் என்பதைச் சுவாமியார்தான் முடிவு செய்வார். இயேசுவாக நடிப்பவருக்குத் தவசு காலம் முழுவதும் சுருட்டு இல்லை, கள்ளு இல்லை, வாய்ச்சண்டை இல்லை. சிலுவையில் தொங்க வேண்டும் என்பதால் வீட்டுக்கு வீடு அவருக்கு முட்டையும் பாலும் போகும். ஆளைப் பார்த்து, குணத்தைப் பார்த்துத்தான் சுவாமி வேஷம் கொடுப்பார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் யூதாஸ் வேஷம் யாருக்குப் போகிறது என்பதையும் ஊர் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் அது என் மாப்பிள்ளைக்குப் போனது. அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஒழுங்காக ஒத்திகைக்கு வருகிறார், பாடமாக்குகிறார் என்பதற்காகத்தான் சுவாமி அவரைப் பிடித்தாராம். அம்மா அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. "ஒழுங்கா வாறவனுக்கு இராயப்பரைக் குடுத்திருக்கலாம்தானே" என்றார், பேதுருவைச் சொல்லி. ஆனாலும் வேஷத்துக்காகக் கலியாணத்தைக் குழப்புவது சரியில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

நாடகம் பெரிய வியாழனுக்கு முதல் நாள் பின்னேரம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்தில் இருந்து எனக்குத் தெரிந்த சைவ ரீச்சர்மார்கூட வந்திருந்தார்கள். இயேசுவாக நடித்தவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். குணத்தில் பத்தரை மாற்றுத் தங்கம். நடிப்பில் மரக்கட்டை. சிலுவையில் தாகம் என்று அவர் சொன்னபோது, தன் கடைக்குத் தானே வந்து சோடா கேட்டது போல இருந்தது. கல்வாரி போகிற வழியில் எங்கிருந்தோ ஒரு கழுதை மேடைக்கு ஏறிவந்து நின்றது. அவர் அதற்கு ஒதுங்கி வழிவிட்டார்.

யூதாஸ் வேறு மாதிரி. முத்தம் கொடுக்கப் போகிற இடத்தில் அவர் உடனே போகவில்லை. நின்றார். சால்வைத் தலைப்பை எடுத்துத் தன் வாயைத் துடைத்தார். கவனமாக, சின்னப் பிள்ளையைக் கொஞ்சப் போகிறவர் துடைப்பது போல. பிறகு போய் முத்தம் கொடுத்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் எழும்பியது. எனக்கு முன்னால் இருந்த கிழவி ஒருவர் மண்ணை அள்ளி எறிந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது எனக்கு விவரம் போதாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "உவன் வேண்டாம்."

"ஏனம்மா?"

"யூதாஸுக்காக என்னை அழ வைச்சிட்டான். ஆண்டவர் சிலுவையில தொங்கேக்கை எனக்குக் கண்ணீர் வரேல்லை. யூதாஸுக்கு வந்திட்டுது. உப்பிடி நடிக்கத் தெரிஞ்சவன் வீட்டில நடிக்க மாட்டானோ? பத்து மணிக்கு வந்துபோட்டு எட்டு மணிக்கு வந்தனான் எண்டு சொன்னா உனக்குத் தெரியுமோ?"

இதற்குள் மாமா புகுந்தார். "அக்கா, நீங்கள் அழுததுதான் கலை."

"அது பாவம். நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லப் போறன்."

"இல்லையக்கா. கெட்டவன்ர மனசை உள்ளுக்குப் போய்ப் பார்க்கத் தெரிஞ்சவன் கெட்டவனாய் இருக்க ஏலாது. குற்றம் மற்றவரில. நல்லதை இவ்வளவு வடிவில்லாமல் காட்டினது ஒழுக்கக் குறை. இயேசுவாய் நடிச்சவர்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேணும்."

இதை அவர் பெரிய கிழமையில், அம்மாவின் குசினியில் நின்று சொன்னார். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். அகப்பை கையில் இல்லாத அம்மாவுக்கு நாங்கள் எல்லோரும் பயம்.

அடுத்த நாள் அம்மா ஒரு முடிவோடு எழும்பினார். சங்கக் கடை மனேச்சருக்கும் இன்னும் கலியாணம் ஆகவில்லை. சுருட்டு இல்லை, கள்ளு இல்லை, தாயும் நல்ல மனுஷி. மாமாவின் பேச்சுக்குப் பரிகாரம் போல அம்மா அதைச் சொன்னார். பெரிய வெள்ளி அன்று, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, நான் யூதாஸிடமிருந்து இயேசுவுக்கு மாற்றப்பட்டதை அறிந்தேன். அந்தக் கிளாக்கரை எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, அதற்காக நிலையிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர். அதை யாரிடம் சொல்வது? அப்பா வழக்கம் போல கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, காது கேட்காதவர் மாதிரி இருந்தார். எனக்காகப் பேசியது மாமா ஒருவர்தான். அவர் பேசப் பேச நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. சனிக்கிழமை மத்தியானம் நான் மாமாவின் காலில் விழாத குறையாகக் கேட்டேன், தத்துவத்தைக் கொஞ்ச நேரம் நிற்பாட்டச் சொல்லி.

உயிர்த்த ஞாயிறு அன்று கிளாக்கரைச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அம்மா ஆள் அனுப்பினார். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு அம்மா விளக்கினார். வேண்டாம் என்பதை நேரில்தான் சொல்ல வேண்டுமாம். திருநாளில் வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிட வைக்காமல் அப்படிச் சொல்வது முறையில்லையாம். ஆகவே முதலில் ஆட்டிறைச்சி, பிறகு மறுப்பு.

பூசையால் வந்து அம்மா அடுப்பை மூட்டினார். மாமா குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நன்மை ஏன் பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்று தொடங்கினார். அம்மா மறுத்துக்கொண்டே கறிக்கு உப்புப் போட்டார். மாமா திரும்பச் சொன்னார். அம்மாவும் திரும்பப் போட்டார். அம்மா ஒருநாளும் உப்புப் பார்ப்பதில்லை. கைக்கணக்கு என்பார். கோபம் வந்தால் கைக்கும் கணக்குத் தெரியாது என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

மாப்பிள்ளை வந்தார். இந்த முறை வாசல் நிலைக்குக் குனிந்து வந்தார். மாமாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, நான் பரிமாறினேன். மாமா முதல் வாயை வைத்தார். கண் கொஞ்சம் விரிந்தது. விழுங்கினார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "அக்கா, அருமை" என்றார். சோற்றுக் கோப்பையை நீட்டி இன்னொரு கரண்டியும் வாங்கினார்.

மாப்பிள்ளையும் ஒரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். திரும்பவும் தண்ணீர் குடித்தார்.

"மாமி, குறை நினைக்காதையுங்கோ. கறிக்கு உப்புக் கூடிப்போச்சு."

நான் கறிச்சட்டியோடு அப்படியே நின்றேன். வேண்டாம் என்று சொல்லக் காத்திருக்கிற ஒரு மனுஷிக்கு இதைவிட நல்ல சாட்டுக் கிடைக்குமா? என் கதை முடிந்தது, சங்கக் கடையில் சீனி நிறுக்கிற வாழ்க்கைதான் எனக்கு என்று நினைத்தேன்.

அம்மா என் கையிலிருந்த சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"நீ ரெண்டாந்தரமும் வாங்கினனி."

"அக்கா, விருந்து எண்டு வந்தால் ஒரு விதிவிலக்கு..."

"மாதாவின்ர நீலத்துக்கு இல்லாத விதிவிலக்கோ? உன்ர தத்துவத்துக்கு உப்புக் காணாது. அதுதான் என்ர கறியில எடுத்தனி."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பாவம், அதுவும் அந்தக் கறியைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

அம்மா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, அண்டைக்கு மேடையில அவ்வளவு நடிச்சனீர். இண்டைக்கு ஒரு வாய் நடிச்சிருக்கக் கூடாதோ?"

அவர் யோசித்தார். அவர் எதையும் யோசித்துத்தான் சொல்வார்.

"மேடையில நான் நடிக்கிறன் எண்டு எல்லாருக்கும் தெரியும், மாமி. இஞ்ச நடிச்சால் உங்களுக்குத் தெரியாதே."

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, யாரோ தன் கட்டுரையைத் தனக்கு முன்னால் எழுதி முடித்துவிட்டதைப் போல அவரைப் பார்த்தார். அம்மா என்னிடம், "பிள்ளை, தேங்காய் ஒண்டு திருவு. பால் விட்டால் உப்பு அடங்கும்" என்றார். பிறகு அவரிடம், "நீர் இரும். கறி இறங்க நேரம் செல்லும்" என்றார். நான் திருவலையில் உட்கார்ந்து தேங்காயோடு என் விரலையும் திருவிக்கொண்டேன். வேண்டாம் என்ற சொல் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

அந்த ஆனியில் கலியாணம். கோயிலால் வெளியே வரும்போது, "கூறைச் சேலை எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டேன். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "கரை கொஞ்சம் அகலம்" என்றார். பிறகு வந்த வருஷங்களில் சட்டை, தலைப்பின்னல், புட்டு எல்லாவற்றுக்கும் இதே நீதிதான். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது நான் கல்லை அடுக்கி அடுப்பு மூட்டிக் காய்ச்சிய கஞ்சிக்கும் இதே நீதிதான். மேடையில் அவர் இன்னும் பல வருஷம் யூதாஸாக நடித்து ஊரை அழ வைத்தார். வீட்டில் ஒரு தடவையாவது, பேச்சுக்காவது, நீர் வடிவு என்று என் அழகைச் சொன்னதில்லை. நல்ல சேலை உடுத்துக்கொண்டு நின்ற நாட்களில், பேசாமல் இயேசுவையே கட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

போன வருஷம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். பல வருஷமாக என்னை ஒரு வெள்ளைப் புகையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். கட்டை அவிழ்த்ததும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்த்தார்.

"நல்லாக் கிழண்டிப்போனீர்" என்றார்.

"நீங்கள் பெரிய குமரனாக்கும்" என்றேன். நேர்ஸ் பிள்ளை சிரித்தாள்.

அவர் பார்ப்பதை விடவில்லை. என் நெற்றி, நரை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கச்சேரிக் கடதாசி பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன பார்வை?"

"வடிவா இருக்கிறீர்" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சும்மா விடுங்கோ என்றிருப்பேன். இந்த மனுஷன் சொன்னால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேர்ஸ் பிள்ளைக்கு முன்னால், அம்மா அன்று அழுதது போலச் சேலைத் தலைப்பை எடுத்து நானும் அழுதேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அழேக்கை அவ்வளவு வடிவில்லை."