மிலிவோயின் கறுப்பு டை

மிலிவோய் காலையில் காப்பி சொல்வதற்கு முன், யார் இறந்திருக்கிறார்கள் என்று படகுத்துறைப் பலகையில் பார்த்துவிடுகிறார். மிர்த்தா தீவில் சாவுச் செய்தியை அங்கேதான் ஒட்டுவார்கள். கறுப்புக் கரை போட்ட தாள், மேலே ஒரு சிலுவை, இளமையில் எடுத்த படம். புதுத் தாள் இருந்தால் பெயரை உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டு பெரினாவின் காப்பிக் கடைக்குள் நுழைவார். அவர் கோட்டுப் பையில் ஒரு கறுப்பு டை எப்போதும் சுருண்டு கிடக்கிறது.

“கேஸு வந்தாச்சு, அடுப்ப அணைங்க,” என்பாள் பெரினா. தினமும் இதேதான். அவரும் தினமும் சிரிப்பார்.

‘கேஸ்’ என்பது ஊர் வைத்த பெயர். தீவின் வடமுனையில் எரிவாயு நிலையம் கட்டுகிற கம்பெனியில் அவருக்கு வேலை. ஊர்க்காரர்களோடு பழகி, குறைகளைக் கேட்டு, மேலே கொண்டுபோவதற்குச் சம்பளம். சோளக்காடும் சேறும் மட்டுமே உள்ள கிழக்குச் சமவெளியில் பிறந்தவர். நல்ல உயரம், நல்ல பருமன். தீவுக்கு வரும் ஃபெர்ரிப் படகில் ஏறினால் கரை சேரும் வரை கண்ணைத் திறக்கமாட்டார். மீனில் முள் எடுக்கத் தெரியாது. அது தெரிந்தே, சாப்பிடக் கூப்பிடுகிற வீடுகளில் முள் நிறைந்த மீனாகப் பார்த்துத் தட்டில் வைப்பார்கள். அவர் மெல்வதை வீடே வேடிக்கை பார்க்கும்.

வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். திரையில் படம் காட்டினார். ரொட்டியும் பன்றித்தொடை இறைச்சியும் வைத்தார். ஊர் மொத்தமும் வந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்குப் போனது. ‘எதிர்ப்பு ஏதுமில்லை’ என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அதே மாதம் ஒரு சாவுக்குப் போனார். இந்தத் தீவில் கோயிலில் அடக்கப் பூசை நடக்கும்போது பெண்கள் உள்ளே இருப்பார்கள். ஆண்களில் பாதிப் பேர் வெளியே மதிலோரம் நின்று புகைப்பார்கள். அந்த மதிலோரத்தில்தான் எல்லாம் வந்து கொட்டியது. லாரி திரும்பும்போது வீட்டு மூலையைப் பெயர்த்துவிடுகிறது, காயப்போட்ட அத்திப்பழத்தில் சிமென்ட் தூசி, குழாயில் பழுப்புத் தண்ணீர். எழுதி அனுப்பியதை நினைத்து அவருக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு அவர் கூட்டம் போடவில்லை, சாவுகளுக்குப் போகிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், எதையும் குறித்துக்கொள்ளமாட்டார், “பார்க்கிறேன்” என்பதைத் தாண்டி வாக்கும் கொடுக்கமாட்டார். சில நாளில் லாரிகள் வேறு வழியில் போகும்.

ஒருமுறை கம்பெனிப் பெயர் பொறித்த நாடாவோடு மலர்வளையம் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் நாடா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இப்போது வெறுங்கையோடுதான் போகிறார்.

நடை அவருக்கு இயல்பிலேயே வேகம். ஓர் ஊர்வலத்தில் சவப்பெட்டியையே தாண்டப் பார்த்தபோது, மீனவர்களின் தலைவர் தோனே கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“ஏம்பா கேஸு, பஸ்ஸப் பிடிக்கவா போற? செத்தவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல. பெட்டிக்குப் பின்னால போற மாதிரி நட.”

அந்த நடையையும் பழகிக்கொண்டார்.

சாவு மணி அடித்தால் கட்டுமான வேலை நிற்கும் என்ற ஏற்பாடும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அடக்கத்தன்று, எரிவாயுக் கப்பல் நிற்கும் மேடைக்காகக் கடலில் இரும்புத்தூண் அறைகிற இயந்திரச் சம்மட்டி நிற்கவே இல்லை. பாதிரியார் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அடுத்த அடிக்காகக் காத்திருந்தார். யாரும் மிலிவோயைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். மறுநாள் அவர் கட்டுமானத் தலைவர் காஸ்பரின் அறைக்குப் போய் உட்கார்ந்தார், காஸ்பர் சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. சாவு மணி அடித்ததிலிருந்து குழி மூடும் வரை சம்மட்டி விழாது. வாய்ப்பேச்சு மட்டும்தான்.

ஊர் சும்மா இருக்குமா? இரும்புக் குண்டு உருட்டும் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று, தரை அதிர்கிறது என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுக்க, கோயில் மணிக்காரர் வின்கோ போய்ச் சாவு மணியை அடித்துவிட்டார். சம்மட்டி நின்றது. மிலிவோயும் உட்கார்ந்து ஆட்டத்தை முழுசாகப் பார்த்தார்.

அன்று மாலை காஸ்பர் கூப்பிட்டுக் கேட்டார், யார் செத்தது என்று.

“தோத்த டீம்,” என்றார் மிலிவோய்.

காஸ்பர் சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்லர். தாமதத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். “அடுத்த தடவ மணி அடிச்சா எனக்கு ஆளோட பேர் வேணும். நீ சொன்னா நம்புவேன். பொய்னு தெரிஞ்சா இந்த ஏற்பாடும் கிடையாது, மறுநாள் ஃபெர்ரில உன்னையும் ஏத்தி அனுப்பிடுவேன்.”

குளிர்காலத்தில் ஒரே ஒரு தரம் மடவை மீன் கூட்டமாகக் குடாவுக்குள் வரும். வலை ஊருக்குப் பொது. பிடிப்பில் வீட்டுக்கொரு பங்கு, படகில்லாத விதவைகளுக்கும் உண்டு. போன வருடம் குடாவின் வாய் வரை வந்த கூட்டம் சம்மட்டிச் சத்தத்தில் திரும்பிப் போனது. ஊரில் ஒரு சட்டியிலும் மடவை வேகவில்லை. இதைத் தோனே மதிலோரத்தில் சொல்ல, மிலிவோய் காஸ்பரிடம் ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டுப் பார்த்தார். சாவு வேறு, மீன் வேறு என்று பதில் வந்தது.

சென்ற வியாழனன்று பலகையில் புதுத் தாள் இல்லை. காப்பிக் கடையில் ஆண்களும் இல்லை. மிலிவோய் கோப்பையை எடுத்தபோது சாவு மணி அடித்தது. தூரத்தில் சம்மட்டி ஓய்ந்தது. சன்னலுக்கு வெளியே படகுகள் மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பில் நகர்ந்தன. தோனேயின் ஆட்கள் குடாவின் வாயை வலையால் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன் ஒலித்தது.

“யாரு?” என்றார் காஸ்பர்.

பெரினா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என் மாமியார் பேரச் சொல்லிடு,” என்றாள் தாழ்ந்த குரலில். “கேட்டா அதுவே சந்தோஷப்படும்.”

“பலகைல இன்னும் ஒட்டல,” என்றார் மிலிவோய் போனில். “நான் கோயிலுக்குக் கிளம்பிட்டேன்.”

“கிரேன் மேலேருந்து பார்த்தா கோயில் ரோடு முழுசாத் தெரியும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

போனை வைத்தார். பையிலிருந்து டையை எடுத்து உதறி, சன்னல் கண்ணாடியைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். காப்பி அப்படியே இருந்தது. வெளியே வந்து, ஒருவரும் இல்லாத அந்தக் கோயில் மேட்டுச் சாலையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார், ஒரு பெட்டிக்குப் பின்னால் போகிறவரைப் போல மெதுவாக.