சின்ன பின் சார்ஜர்

ஓசூர் கம்பெனியில் என் பக்கத்தில் வேலை பார்த்தவளின் போனுக்குச் சின்ன பின் சார்ஜர். ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கும் அதேதான். தன் சார்ஜரை ரூமிலேயே விட்டுவிட்டு வருவான், வேண்டுமென்றேதான். மதியம் கேன்டீனில் நேராக அவளிடம் போய் நிற்பான். சார்ஜ் ஏறும்வரை இருவரும் கன்னடத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். அப்படி என்னதான் பேச்சோ! ஒருநாளாவது என்னிடம் வந்து நிற்க மாட்டானா என்று எனக்கு வயிறு எரியும். என் போனுக்குப் பெரிய பின். அவன் போனில் நுழையாது.

சம்பளம் வந்ததும் பாகலூர் ரோட்டில் சின்ன பின் சார்ஜர் ஒன்று வாங்கினேன். மறுநாள் அவன் அவளிடம் போவதற்குள் நீட்டினேன்.

"இந்தாங்க, என்கிட்டயே இருக்குது."

வாங்கியவன் மேசைமேலிருந்த என் போனைப் பார்த்தான்.

"உங்களுது பெரிய பின்னாச்சே. இத யாருக்குங்க வாங்குனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.