கயிற்றுக்கு வெளியே நின்ற மதினி

மதினி என்று நான் கூப்பிட்டது என் வீட்டுக்காரரின் அக்காளை. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்தபோது மதினி அனுப்பிய ஒரு புகைப்படம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மலையடிவாரத்தில் ஒரு சதுக்கம், அதில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், எல்லோருடைய கையும் மேலே. கூட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். நாங்கள் ஏதோ திருவிழா என்று நினைத்தோம். விடுமுறைக்கு வந்தபோதுதான் மதினி விளக்கினார். அந்த மாநிலத்து ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் அப்படிக் கூடி, வரியை ஏற்றலாமா, பாலம் கட்டலாமா என்று கை தூக்கி முடிவு செய்வார்களாம். ஓட்டுரிமை உள்ளவர்கள் கயிற்றுக்கு உள்ளே நிற்பார்கள். படம் எடுத்த மதினி வெளியே நின்றிருந்தார்.

ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோவில் தெருவில் வீடு, வாய்க்கால் கரையில் திராட்சைத் தோட்டம். மதினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதியோர் இல்லத்து வேலைக்காக முதலில் இத்தாலி போனவர், பல வருஷம் கழித்துச் சுவிட்சர்லாந்துக்கு மாறினார். ஊருக்கு வந்தால் சாக்லேட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, எங்களிடம் அரசாங்கங்களைப் பற்றித்தான் பேசுவார். இத்தாலியில் அவர் இருந்த சிற்றூரில் பிரசவ ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கடைகளைச் சாத்திவிட்டு ஊரே தெருவுக்கு வந்துவிட்டதாம். காபிக் கடையில் நிம்மதியாக ஒரு வாய் குடிக்க மேயரை விடமாட்டார்களாம். பதில் வருவதற்குள் மேலே ஆட்சி மாறிவிடும். புதிதாக வந்தவரிடம் அதே கேள்வியை அலுக்காமல் முதலிலிருந்து கேட்பார்களாம். சுவிட்சர்லாந்தில் அந்தச் சத்தமே கிடையாது. எதற்கு ஓட்டு, என்ன செலவு, எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அச்சடித்து வீட்டுக்கே வந்துவிடும்.

அப்படியென்றால் சுவிஸ்தான் உசத்தி என்றார் என் வீட்டுக்காரர். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே அவர் பராமரித்த ஒரு கிழவி, தலை நரைக்கும்வரை அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள். பெண்களை உள்ளே விடலாமா என்று கேட்டபோதெல்லாம் உள்ளே நின்ற ஆண்கள் கை தூக்கவில்லை. கடைசியில் நீதிமன்றம் சொல்லித்தான் விட்டார்களாம். இத்தாலியில் பெண்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே ஓட்டு வந்துவிட்டது.

"நம்ம ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைய வயித்துல வச்சுக்கிட்டு வரிசையில நின்னு ஓட்டுப் போட்டுச்சு. அதச் சொன்னப்ப அந்தக் கெழவி நம்பவே இல்ல தம்பி" என்றார் மதினி. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அத்தனை வருஷத்திலும் அவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கவில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்தார்.

அடுத்து வந்த சுதந்திர தினக் கிராம சபைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அதுவரை நான் போனதே இல்லை. தீர்மான நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். அன்றும் தீர்மானங்களை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மதினி எழுந்து, வாசித்துக் காட்டிய பிறகு போடுகிறோம் என்றார். முணுமுணுப்போடு வாசித்தார்கள். ஊர்க் குப்பையை வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் கொட்டுவது என்று அதில் ஒன்று இருந்தது. அங்கே கொட்டினால் மழைக்குக் கரைந்து அத்தனையும் தோட்டங்களுக்குத்தான் வரும். கூட்டம் சலசலத்தது. ஆனாலும் வாய் திறந்து யாரும் பேசவில்லை. ஊராட்சித் தலைவர் எங்கள் சின்ன மாமனார் மகன். சொந்தபந்தம் எல்லோருக்கும் வாயைக் கட்டியிருந்தது.

வேண்டும் என்பவர்கள், வேண்டாம் என்பவர்கள் தனித்தனியாகக் கை தூக்கட்டும் என்றார் மதினி. பின்னாலிருந்து ஒருவர், வெளிநாட்டுச் சட்டத்தை இங்கே கொண்டுவராதீர்கள் என்றார். மதினி குரலை உயர்த்தவில்லை.

"அங்கன நான் கயித்துக்கு வெளிய நின்னு வேடிக்க பாத்தவ. இது எங்க ஊரு. இங்கன எனக்கு ஒரு கயிறும் கிடையாது. நீங்களும் உள்ளதான் இருக்கீக. தூக்குங்க."

வேண்டாம் என்று முதலில் உயர்ந்தது அவர் கை. அடுத்து என்னுடையது. பக்கத்தில் பார்த்தால் என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கியிருந்தார். அப்புறம் தோட்டக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தூக்க, எண்ணவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தலைவர் அந்தத் தீர்மானத்தை அடித்தார்.

அதற்குப் பிறகு தலைவர் வீட்டார் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தினார்கள். மதினிக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து, குப்பைக்கு வேறு இடம் பார்த்தாயிற்றா என்று இத்தாலிக்காரிகளைப் போல அலுக்காமல் கேட்டார். முதலில் பார்க்கிறோம் என்றார்கள், பிறகு எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள். ஒருமுறை மதினி எழுவதற்கு முன்பே தலைவர் மைக்கைப் பிடித்து, வாய்க்காலுக்கு எட்டாத தரிசில் இடம் ஒதுக்கியாயிற்று என்று அறிவித்தார். கூட்டம் முடிந்ததும் அவரே எங்களிடம் வந்தார். "அக்கா கேப்பாகன்னு தெரியும். அதான் முடிச்சிட்டு வந்தேன்" என்றார். மதினி அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவரும் வந்தார்.

மதினி இப்போது இல்லை. அவர் போன பிறகு நான் வார்டு உறுப்பினராக நின்று ஜெயித்தேன். நான் மேடையில் உட்கார்ந்த முதல் கிராம சபையில், கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து என்னைப் பார்த்து, ஓட்டுக் கேட்டு வந்தபோது பள்ளிவாசல் தெருவில் விளக்குப் போடுவதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு ஒரு கணம் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் எழுந்து நின்று, இன்னும் ஆகவில்லை, காரணம் இது, தீபாவளிக்குள் போட்டுவிடுவேன் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன்.

"சரிக்கா, தீபாவளி கழிச்சு வந்து கேக்குறேன்" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள். ஜெயித்த அன்று கழுத்தில் மாலை போட்டபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.