இருபத்தொன்றில் ஒன்று

அச்சகத்தில் அவளுக்கு 'கமா அக்கா' என்று பெயர். மெய்ப்புத் திருத்துகிறவள். தலைப்பையே விட்டாலும் விடுவாள், காற்புள்ளியை விடமாட்டாள் என்று எல்லோரும் சிரிப்பார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் கேலிதான் அவளுக்குப் பேச்சுத்துணை. வீட்டில் அதுவும் கிடையாது.

அப்பா அம்மா போனபின் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது அவன் தன் கியர் சைக்கிளை ஹால் சுவரில் சாய்த்துவைத்து, "யாருக்கும் குடுத்துடாதக்கா, வந்து ஓட்டுவேன்" என்றான். ஆறு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் துடைத்தாளே தவிர ஒருநாளும் அவள் அதில் ஏறவில்லை. தினமும் பேசிக்கொண்டிருந்தவன் வாரத்துக்கொரு தடவை என்று ஆக்கிக்கொண்டான். இப்போது நினைத்துக்கொண்டால் பேசுவான்.

அச்சகம் ஊருக்கு வெளியே இடம் மாறியது. அந்தப் பக்கம் பேருந்தும் சரியாக இல்லை. வேறு வழியில்லாமல் சைக்கிளை எடுத்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் கியர் தன் இஷ்டத்துக்கு மாறி, சங்கிலி கழன்று தொங்கியது. உருட்டிக்கொண்டே சைக்கிள் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இருபத்தோரு கியர். எல்லாம் துருவேறிப் போச்சு. இதெல்லாம் கழட்டிட்டு முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஒரு பல்சக்கரம்னு ஓட்டுங்க. தொல்லையே இருக்காது."

"சைக்கிளுக்குச் சொந்தக்காரனக் கேட்டுட்டுதான் கைவைக்கணும்" என்றாள்.

சாயங்காலம் தம்பியை அழைத்தாள். "உன் சைக்கிள் கியரக் கழட்டலாமாடா? கோவிச்சுக்க மாட்டியே?"

"எந்த சைக்கிள்க்கா?"

நிறத்தைச் சொன்னாள். கைப்பிடியில் அவன் சுற்றிய நாடாவைச் சொன்னாள்.

"ஓ, அதுவா! இன்னுமா வச்சிருக்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிக்கோ."

"சரிப்பா. சாப்டியா?" என்று கேட்டாள். அவன் யாருக்கோ பதில் சொல்லிவிட்டு, "அப்புறம் பேசறேன்க்கா" என்றான். அவள் சோற்றுப் பானையை மூடிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரிடம் சங்கிலி ஆணி கழற்றும் கருவியை இரவல் கேட்டாள்.

"நீங்களேவா? கையெல்லாம் கரியாயிடும்."

"மை பூசின கைதான்" என்றாள்.

ஹாலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். கியர் கம்பிகளை வெட்டினாள், கைப்பிடியிலிருந்த கியர் விசைகளைக் கழற்றினாள், பின்னால் தொங்கிய கியர் மாற்றியையும் எடுத்தாள். சங்கிலியைக் குட்டையாக்கிய பிறகுதான் வந்தது வினை. இரண்டு முனைகளையும் ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் ஆணியை உள்ளே செலுத்த முடியும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. பிறகு கொண்டை ஊசியை உருவி, இரு பக்கமும் கொக்கிபோல் வளைத்து, இரண்டு முனைகளையும் அதில் மாட்டினாள். நின்றது. ஆணி உள்ளே போயிற்று.

தெருவில் ஓட்டிப் பார்த்தால் பத்தடியில் சங்கிலி கழன்றது. குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை. வரி கோணினால் அவள் கண்ணுக்குத் தப்புமா? சங்கிலியைப் பின்னால் அடுத்த பல்சக்கரத்துக்கு மாற்றி, சக்கரத்தை இழுத்து இறுக்கினாள். இந்தத் தடவை தெருக்கோடிவரை போய்த் திரும்பினாள். சத்தமே இல்லை.

திங்களன்று பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. மாற்றிக்கொள்ள லேசான கியர் எதுவும் இல்லை. இறங்கி உருட்டிவிட்டு, இறக்கத்தில் ஏறிக்கொண்டாள். முகத்தில் காற்று அடித்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அச்சக வாசலில் காவலாளி, "என்னம்மா, புது சைக்கிளா?" என்றார்.

"பழசுதான். நானே பிரிச்சு, நானே..."

அதற்குள் காகித லாரி ஹாரன் அடிக்க, அவர் கேட்டைத் திறக்க ஓடினார். லாரி உள்ளே போகும்வரை அவள் ஓரமாக நின்றாள். அவர் திரும்பி வரும்வரையும் நின்றாள்.

"நானே மாத்தினேன்" என்றாள்.

"அப்படியா!" என்றார் அவர்.

சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.