மாலை போட்ட என் போட்டோ

முப்பது வருஷமாக நான் நடிகன். எங்கள் ஊர் சேவூரில் இதை யாரும் மறுத்தது கிடையாது. பெரிதாக விசாரித்ததும் கிடையாது.

முதல் வேஷம் தபால்காரர். கோயில் திருவிழா மேடை. "சார், தந்தி" என்று சொல்லிவிட்டு இடதுபக்கமாகப் போய்விட வேண்டும். இதற்காக ஒரு மாதம் ஒத்திகைக்குப் போனேன். அப்பா முள்ளிப்பட்டில் தறி நெய்துகொண்டிருந்தவர். நாடகத்துக்கு வந்தார், கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, "ரெண்டு வார்த்தை சொல்றதுக்காடா ஒரு மாசமா போய்க்கினு வந்துகினு இருந்தே?" என்று மட்டும் கேட்டார். விமர்சனம் என்று எனக்குக் கிடைத்தவற்றில் அதுதான் மிகவும் நியாயமானது.

பிறகு சென்னையில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். சனிக்கிழமை பஸ் ஏறினால் திங்கட்கிழமை திரும்புவேன். வீட்டுக்காரர், சம்பந்தி, மேனேஜர் என்று பல வேஷங்கள். எல்லாமே கோபப்பட்டு வெளியேறுகிறவர்கள். நான் நன்றாக வெளியேறுவேன் என்று குழுவில் எனக்குப் பெயர் இருந்தது.

அங்கிருந்து சீரியலுக்கு வந்தேன். சீரியலில் டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வருவேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவேன். "இருபத்துநாலு மணி நேரம் போனாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்பேன். பதினோரு வருஷம் இதைச் சொன்னேன், ஒன்பது சீரியல்களில். கதவுக்குப் பின்னால் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது; ஒரு ஏணியும் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டும் இருக்கும். ஆனாலும் எங்கள் தெருவில் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று என்னிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் டாக்டருக்குத் தலைக்கனம் என்றார்கள்.

என் பெண்டாட்டி வீட்டிலேயே பட்டு நெய்கிறவள். அவள் பிறந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்கள் வீட்டில் தமிழ். இரண்டு தறிக்காரக் குடும்பங்களையும் சமாதானப்படுத்தி நடந்த காதல் கல்யாணம். இருபத்திரண்டு வருஷத்தில் தெலுங்கு எனக்குப் பாதி புரியும். என்னைப் பற்றிப் பேசும் பாதி. அவள் தறியில் உட்கார்ந்தால் எதிரே டி.வி. ஓடும். கை ஊடுநூல் நாடாவை இங்கும் அங்கும் தள்ளும், கால் மிதிக்கும், கண் மட்டும் அவ்வப்போது நிமிரும். அதில் நான் வந்தால், "வந்துட்டீங்க" என்பாள். நான் கண்ணாடியைக் கழற்றியதும் மறுபடி குனிந்துவிடுவாள். மிச்சத்தை அவளே சொல்லிவிடுவாள்.

ஐம்பதாவது வயதில் எனக்கு ஒரு நிஜமான வேஷம் கிடைத்தது. கதாநாயகியின் புருஷன். மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் நின்று பேசும் பெரிய குடும்பம். நான் ஜவுளி வியாபாரி, நல்லவன், பெரும்பாலும் கை கழுவிவிட்டு சாப்பிட உட்காருகிறவன். கதாநாயகியாக நடித்தவர் ஆந்திராவிலிருந்து வந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தமிழ் வராது. வசனத்தைத் தெலுங்கில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவார். ஷாட் முடிந்ததும் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவார். நாற்பது எபிசோட் இப்படிக் குடித்தனம் நடத்தினோம்.

அந்தச் சமயத்தில் சந்தவாசலில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் தாய்மாமன். நான் போகாமல் அங்கே ஒரு சடங்கும் நடக்காது. டைரக்டரிடம் போய் லீவு கேட்டேன்.

"எத்தனை நாள் சார்?"

"நாலு நாள் சார்."

அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு போட்டோகிராஃபர் வந்து, "சார், உங்களைத் தனியா ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார். போஸ்டருக்கு என்று நினைத்து, என்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் சிரிங்க சார்."

சிரித்தேன்.

"அவ்ளோ வேணாம் சார். வீட்ல எல்லாருக்கும் நல்லது பண்ணிட்டுப் போனவர் மாதிரி."

"எங்க போனவர்?"

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "உங்ககிட்ட சொல்லலையா சார்?"

லீவு கேட்டதற்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நாலு நாள் ஒருவனை ஊருக்கு அனுப்பினால் ஏன் போனான், எப்போது வருவான் என்று எழுத வேண்டும். சாகடித்தால் ஒரு போன் போதும். என் சாவில் நான் நடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதே சட்டையோடு கல்யாணத்துக்குப் போய் மாமன் சீர் செய்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த எபிசோட் வந்தது. தெருவில் பத்துப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். கதாநாயகிக்குப் போன் வந்தது. கையிலிருந்த தட்டு விழுந்தது. வேறு மூன்று பக்கத்திலிருந்து மறுபடியும் விழுந்தது. அடுத்த காட்சியில் கூடத்துச் சுவரில் என் போட்டோ, சந்தன மாலை, கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. எதிர்வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி டி.வி.யைப் பார்த்து அழுதாள்.

"காப்பி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

"இந்த நேரத்துல எனக்கு இன்னாத்துக்குண்ணா" என்றாள்.

என் பெண்டாட்டி எழுந்தாள். டி.வி.யை அணைத்துவிட்டு நெய்ய ஆரம்பித்தாள்.

வேலை போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் போட்டோவுக்கு வேலை போகவில்லை. கதாநாயகி தினமும் அதன் முன்னால் நின்று பேசினார். மாமியார் செய்த கொடுமை, கொழுந்தன் போட்ட திட்டம், பெட்டிச் சாவி காணாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னார். உயிரோடு இருந்தபோது அவர் என்னிடம் சொன்னதெல்லாம் "சாப்பிட வாங்க" மட்டும்தான். செத்த பிறகுதான் எனக்கு அந்தக் குடும்பத்தில் மரியாதை வந்தது.

இப்படி எட்டு மாதம் போயிற்று. அதற்குள் நான் மறுபடி டாக்டராகிவிட்டேன்.

பிறகு எங்கள் ஊரிலேயே ஒரு வளைகாப்பு வந்தது. என் பெண்டாட்டியை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். நான் வெளியே வண்டியை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வளையல் போட்டு, சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். இவள் முறை வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ கொஞ்சம் அப்புறமா வாம்மா."

"ஏங்க?"

"தப்பா நெனைக்காதே. தினம் டி.வி.யில பாக்கறோம். மாலை போட்டு, வெளக்கேத்தி... மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

"அவரு வெளியில வண்டி நிறுத்திகினு இருக்காருங்க."

"தெரியும்மா. இருந்தாலும்."

அவள் வளையலைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வண்டியில் ஏறினாள். நடந்ததை வீடு வந்த பிறகுதான் சொன்னாள். அழவில்லை. மறுநாள் தறியில் உட்காரவும் இல்லை. நான் கூட இருந்து பார்த்தவரையில் அவள் உடம்பு நன்றாக இருக்கும்போது தறியில் உட்காராமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"நாளைக்கு நானும் மெட்ராஸ் வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"அந்த போட்டோவை எறக்கணும்."

எனக்கு பேஜாராகிவிட்டது. பஸ்ஸில் ஆற்காடு தாண்டும்வரை டைரக்டரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். போரூர் பக்கம் ஒரு பெரிய வாடகை வீட்டில் ஷூட்டிங். கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நான்தான். டி.வி.யில் தெரிந்ததைவிடப் பெரிய போட்டோ.

டைரக்டர் மரியாதையாக எழுந்து நின்றார். "வாங்கம்மா. சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்காருங்க" என்றாள் அவள். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அம்மா, அது சார் இல்ல. அது கேரக்டர்."

"மூஞ்சி யாருதுங்க?"

"சாரோடது."

"மாலை எதுக்குப் போட்டு இருக்குது?"

"கேரக்டருக்கு."

"அப்ப கேரக்டருக்கு ஒரு மூஞ்சி வாங்கி மாட்டுங்க."

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரோரம் சாத்தியிருந்த லைட் ஏணியைப் பார்த்தேன். "போட்டோ இல்லன்னா சீனே இல்லம்மா. ஹீரோயின் மேடம் தினம் அதுகிட்டதான் பேசறாங்க" என்றார்.

அதுவரை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கதாநாயகி எழுந்து வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, சாம்பல் நிறப் புடவை. என் பெண்டாட்டி முதலில் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. சென்னையில் அவரிடம் தெலுங்கில் இப்படி யாரும் வீட்டுப் பேச்சு பேசியிருக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். லைட் போட்டுத் தயாராக இருந்த நாற்பது பேர் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். "போட்டோ" என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது. "அம்மா" புரிந்தது.

திரும்பும் வழியில் அவள் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. மகள் பொட்டில்லாமல் டி.வி.யில் வருவதைப் பார்த்து அவருடைய அம்மாவும் ஊரில் அழுதாராம். பேக்கப் சொன்ன அடுத்த நிமிஷம் இவர் குங்குமம் வைத்துக்கொள்வாராம். புருஷன் துபாயில். போனில் பேசினால் அவர் பதில் சொல்வதற்குள் டியூட்டிக்கு நேரமாகிவிடுமாம். "அந்த சார் போட்டோகிட்ட பேசப் பேச நெஜமாவே பழகிப்போச்சு அக்கா" என்றாராம்.

படிக்கட்டில் பேசி முடித்ததும் என் பெண்டாட்டி கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள். மேக்கப்மேன் ஓடி வந்து, "மேடம், கன்டினியூட்டி" என்று துடைத்தார். அவள் மறுபடி வைத்தாள். டைரக்டர், "லஞ்ச் பிரேக்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒத்துக்கொண்டார். வேறு முகம் வைப்பது, அதுவும் யார் வீட்டிலிருந்தும் ஆள் வராத முகமாக வைப்பது என்று முடிவாயிற்று. எடிட்டிங் பையன்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஆளைச் செய்தார்கள். என் வயசு, என் சட்டை, வேறு மூக்கு. அந்த ஆள் எங்கேயும் பிறந்தவர் இல்லை. அதனால் சாவதில் அவருக்கு ஆட்சேபணையும் இல்லை. என் போட்டோவை என் பெண்டாட்டியே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினாள். சட்டத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு போட்டோவை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

புதுப் போட்டோ வந்த அன்றைக்குக் கொஞ்சம் எதிர்பார்ப்போடுதான் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதம் பார்த்த முகம் மாறினால் ஜனங்கள் கேட்பார்கள், சேனலுக்குப் போன் செய்வார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் மட்டும், "அண்ணா, அந்த போட்டோவுல இப்பல்லாம் நீங்க கொஞ்சம் எளைச்சாப்பல தெரியறீங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இதைப் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஆனால் இரண்டு நாள் எனக்குப் பிடித்த குழம்பாகவே வைத்தாள்.

அதே பெரியம்மா வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வந்தது. இவள் போனாள். முதல் ஆளாக உட்கார வைத்தார்களாம். சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கதாநாயகியும் இவளும் வாரம் ஒரு தடவை போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தன் அம்மாவுக்கு ஒரு புடவை நெய்து தரச் சொன்னார் அவர். இலைப் பச்சை, அரக்கு பார்டர். இவள் பதினெட்டு நாளில் நெய்து முடித்தாள். கூரியரில் வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து இறங்கினார்.

நல்ல சிவப்புப் புடவை, பெரிய பொட்டு. தெருவே திரண்டுவிட்டது. வீட்டுக்குள் வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"வணக்கம் சார்."

"வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சார்."

எட்டு மாதம் வீட்டுக் கதை முழுவதையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர், என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தறிப்பக்கம் போய்விட்டார். நான் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் காப்பி கலந்தேன்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு வரும்போது தெருப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது, மாமியார் திருந்துவாளா என்று ஆளுக்கொரு கேள்வி. என் பெண்டாட்டி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் முன்னால் நகர்ந்து கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரரு திரும்ப வந்துடுவாருன்னு சொல்லிக்கிறாங்களே, நெஜமாங்க?"

அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். "லேது அக்கா. வரமாட்டார்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

நான் குனிந்து அவரிடம் காப்பியைக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.